துண்டு போட்ட இடம்

திங்கட்கிழமை காலை அந்த அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். யாரும் செத்துப் போய்விடவில்லை. இடத்தை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

உறவினர் வருகைப் பதிவகம் என்பது அந்த அலுவலகத்தின் பெயர். பிழைக்க வந்தவர்கள், ஊரில் விட்டுவிட்டு வந்த அம்மாவையோ மனைவியையோ கூடப் பிறந்தவர்களையோ அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த உறவினரின் பெயர் இங்கே இருக்கும் தரவுத்தளத்தில் ஒரு வரியாக ஏற வேண்டும். வரி ஏறினால் விமானம் ஏறலாம். கணினிக்குள் இடம் இல்லை என்ற ஒரே காரணத்தால், போன மழைக்காலத்திலிருந்து ஒரு வரிகூட ஏறவில்லை.

அந்த இடத்தை அளப்பதுதான் அவன் வேலை. ஆள் ஒல்லி, நெட்டை, செய்வதும் அளக்கிற வேலை. ஆகவே அலுவலகத்தில் அளவுகோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

மணி அடித்ததும் அளவுகோல் மேடை ஓரத்துக் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டுவான். சுவர்த் திரையில் சிவப்புப் பட்டை ஒன்று கீழேயிருந்து எழும்பி, தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் போய் நிற்கும். "தொண்ணூத்தெட்டு" என்பார் இயக்குநர். "தொண்ணூத்தெட்டு" என்று எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். பிறகு அவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசுவார். அவர் பேசும்போது யாரும் உட்காரக் கூடாது, வெளியே போகக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

"நம்மது நிறைஞ்ச நிறுவனம்" என்பார். "பக்கத்துக் கட்டடத்துல வரி ஆபீஸ் இருக்கே, நாப்பது சதவீதத்துல நிக்கிறாங்க. வெளிய தலைகாட்ட வெக்கமா இருக்காது? ஒருத்தன் உள்ள விடுங்கன்னு கெஞ்சுறான்னா, நாம முக்கியமானவங்கன்னு அர்த்தம். உள்ள விட்டுட்டா அவன் எதுக்கு நம்மளத் திரும்பிப் பாக்கப் போறான்?"

கைதட்டுவார்கள். அளவுகோலும் தட்டுவான். தட்டிவிட்டுக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வான்.

அவனுக்கு ஒரு அக்கா. ஊரில் தையல் கடையில் வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான். வீட்டில் இருந்தது ஒரே அறை. தம்பி படிக்கட்டும் என்று அதை அவனுக்கு விட்டுவிட்டு, தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். இப்போது அந்த வாடகை வீட்டையும் சொந்தக்காரர் இடிக்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவளுக்குப் போக்கிடம் தம்பி ஒருத்தன்தான்.

தினமும் மதியம் போன் வரும்.

"என்னடா, எடம் கெடச்சுதா?"

"இல்லக்கா. தொண்ணூத்தெட்டுலயே நிக்குது."

"அப்ப ரெண்டு மிச்சம் இருக்குல்ல. நான் என்ன யானையா?"

"அந்த ரெண்டு அவசரத்துக்குன்னு வெச்சிருக்காங்கக்கா."

"வீட்ட இடிக்கிறது அவசரம் இல்லாம வேற என்னடா?"

"அவங்க அவசரத்துக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். "நல்ல ஆபீஸுடா. சரி விடு. என் பேரு வரிசையில இருக்குல்ல, அது போதும். இன்னிக்கில்லன்னா நாளைக்கு."

"ம்" என்றான் அளவுகோல்.

அந்த ஒற்றை எழுத்து முழுப் பொய். அக்காவின் விண்ணப்பத்தை அவன் நிரப்பி வைத்திருந்தான். வரிசையில் சேர்க்கவில்லை. ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படியும் இடமில்லையே, அமுக்கி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். அவன் குடியிருந்த அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவன் படுப்பான். இன்னொன்றில் ஊரிலிருந்து வந்தபோது கொண்டு வந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கே மறந்துவிட்டது. தனியாக இருந்து பழகிவிட்டான். நினைத்த நேரத்துக்கு விளக்கை அணைக்கலாம். ஏண்டா சாப்பிடல என்று கேட்க ஆளில்லை. அக்கா வந்தால் கேட்பாள். இடம் இல்லை என்பதைப்போல வசதியான உண்மை உலகத்தில் வேறு இருக்கிறதா? என்ன, சோறுதான் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

அப்படிச் சோறு இறங்காத ஒரு மதியம்தான் அவன் கையேட்டைப் புரட்டினான். அளவை வேலைக்கென்று அலுவலகத்தில் ஒரு கையேடு உண்டு. முதல் பக்கத்தில் இருக்கும் கட்டளையைத்தான் திங்கள்தோறும் தட்டுவார்கள். அதற்கடுத்த பக்கம் யாரோ சிந்திய தேநீரில் ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் மெல்லப் பிரித்தான். முதல் பக்கத்தின் தலைப்பு: 'ஒதுக்கிய இடத்தை அளத்தல்.' ஒட்டியிருந்த பக்கத்தின் தலைப்பு: 'ஒதுக்கியதற்குள் நிரம்பியிருப்பதை அளத்தல்.'

இரண்டாவது கட்டளையைத் தட்டினான். பதினொன்று என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி தட்டினான். மறுபடியும் பதினொன்று. தொண்ணூற்றெட்டு சதவீதம் ஒதுக்கியாகிவிட்டது. அதில் ஆள் இருப்பது பதினொன்றில்தான். மிச்சமெல்லாம் காற்று.

தரவுத்தளத்துக்குக் காவலாளி ஒருவர் இருந்தார். எல்லாக் கடவுச்சொல்லும் அவரிடம் இருந்ததால் அவருக்குப் பூட்டு என்று பெயர். அளவுகோல் அவரிடம் ஓடினான்.

"அண்ணே, உள்ள காலியா கெடக்கு."

பூட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "அந்தக் கட்டளைய யாரு உன்னத் தட்டச் சொன்னா?"

"கையேட்டுல இருக்குண்ணே."

"கையேட்டுல ஆயிரம் இருக்கும். இங்க பாரு, பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு புடிப்பாங்கல்ல? அந்த மாதிரி ஒவ்வொரு பிரிவும் துண்டு போட்டு வெச்சிருக்கு. நீ இவ்ளோ நாளா எண்ணினது துண்ட. இன்னிக்கு ஆள எண்ணிட்ட."

"ஆளு ஏறவே இல்லையேண்ணே."

"துண்டு போட்டவன் ஏறணும்னு சட்டம் இருக்கா?"

"வெளிய ஜனங்க நிக்கிறாங்களே. துண்ட எடுக்கச் சொன்னா வரிசையில இருக்கறவங்க வந்துடலாமே."

"தாராளமா வந்துடலாம். ஒதுக்காத இடம் கொஞ்சம் கெடச்சாப் போதும், வரிசையில இருக்கறத மெஷினே ஒண்ணொண்ணா உள்ள இழுத்துக்கும். யாரும் தொட வேணாம்." பூட்டு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த வரிசையில என் மாமியாரும் இருக்காங்க. பொண்டாட்டி தெனமும் கேக்குறா. எடம் இல்லம்மா, எடம் இல்லம்மான்னு எவ்ளோ நிம்மதியாச் சொல்லிக்கிட்டிருக்கேன் தெரியுமா. கெடுத்துடாத தம்பி."

அளவுகோலுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் வாய்விட்டுச் சொல்கிறார், தான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் நேராக இயக்குநரிடமே போய்ச் சொன்னான். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, காலி இடம் இருக்கிறதா என்று ஆராய, காலி இட விசாரணைக் குழு என்று ஒன்றை அமைத்தார். குழுவின் நடவடிக்கைகளைப் பதிவு செய்ய இடம் வேண்டுமே? அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டில் ஒன்றைக் குழுவுக்கு ஒதுக்கினார்கள். பட்டை தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. அதற்காக ஒரு கைதட்டல்.

குழு கூடியது. முதலில் புகார்ப் பிரிவுத் தலைவர் எழுந்தார்.

"எங்க பிரிவுக்குள்ள மூணு புகார் இருக்கறதா இந்தத் தம்பி கண்டுபுடிச்சிருக்காரு. மூணே மூணு. அதுதாங்க எங்க சேவையோட தரம்."

"மூணு புகாருக்கு இவ்ளோ இடமாங்க?" என்று அளவுகோல் மெதுவாகக் கேட்டான்.

"நாளைக்குத் தரம் கொறஞ்சா?"

அந்த மூன்றும் என்ன புகார் என்று இயக்குநர் விசாரித்தார். மூன்றுமே இடமில்லை என்ற புகார்தான். "அத விசாரிச்சீங்களா?" என்றார். "விசாரணைய எழுதி வைக்க எடம் தனியா கேட்டிருக்கோங்க" என்று தலைவர் உட்கார்ந்தார்.

அடுத்து வாகன நிறுத்தப் பிரிவுத் தலைவி. இந்த அலுவலகத்துக்கு வரக்கூடிய எல்லா வண்டிகளுக்கும் அவர் ஒரு நூற்றாண்டுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்.

"நமக்கு வண்டி நிறுத்துற எடமே கிடையாதே மேடம்" என்றான் அளவுகோல்.

"தரையில கிடையாது. அதனாலதான் தரவுல வெச்சிருக்கோம்."

முழுக்க நிரம்பியிருந்த பிரிவு ஒன்றே ஒன்று: இயக்குநர் உரைகள். அதில் ஊசி போட இடமில்லை. குழு அதை முன்மாதிரிப் பிரிவு என்று பாராட்டியது.

கடைசியில் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். "யாரையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன். மனசிருக்கறவங்க அவங்கவங்க காலி எடத்த விட்டுக் குடுக்கலாம். விட்டுக் குடுத்த எடத்த மத்த பிரிவுங்க உடனே எடுத்துக்கலாம். அவங்கவங்க சீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு, அவ்ளோதான். இதுவரைக்கும் எந்தப் பிரிவும் வெறும் வயித்தோட போனதில்ல, இனிமேலும் போகாது." பிறகு அளவுகோலைப் பார்த்துச் சிரித்தார். "மொதல்ல உங்க பிரிவு எவ்ளோ வெச்சிருக்குன்னு பாத்தீங்களா தம்பி?"

அவன் பார்க்கவில்லை. இருக்கைக்குப் போய்ப் பார்த்தான்.

இட அளவைப் பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். வேலையில் சேர்ந்த நாளில், உன் பிரிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். புதிய நாடு, புதிய வேலை, உள்ளங்கையெல்லாம் வேர்வை. குறைவாகக் கேட்டால் குறைவான ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு எண்ணைப் போட்டுச் சுழியாக அடுக்கினான். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் அவன் இதுவரை சேர்த்தது வாரம் ஒரு வரி. மிச்சமிருந்த காலியில், வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லலாம்.

ஊர்த் துண்டையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவன் போட்டிருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய துண்டு.

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். "பின் சுவர இடிக்க ஆரம்பிச்சுட்டாங்கடா. மெஷின்மேல ஒரே மண்ணு. நேத்து ஒரு ரவிக்கைய மூணு தடவ தொவைச்சேன். நீ எப்படிடா இருக்க? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றான். அதுவும் பொய்.

விட்டுக் கொடுத்துவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் விட்ட நிமிடமே புகாரும் வாகனமும் பாய்ந்து அள்ளிக்கொள்ளும். மெஷினோ ஒவ்வொரு உறவினருக்கும் படம், சான்று, கைரேகை என்று பார்த்துப் பார்த்து நிதானமாக ஏற்றும். ஆமைக்கும் கழுகுக்கும் பந்தயம் வைத்தால் யார் ஜெயிப்பது? கழுகுகளின் காலைக் கட்டிப் போட வேண்டும். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் அவரவர் கணினியை விட்டு விலகி, நகர முடியாமல் நிற்கிற நேரம் எது என்று யோசித்தான். யோசிக்கவே தேவையில்லை.

திங்கட்கிழமை காலை அளவுகோல் முன்னதாகவே வந்தான். அக்காவின் விண்ணப்பத்தைத் திறந்து, இத்தனை நாள் அமுக்காத பொத்தானை அமுக்கினான். வரிசையின் கடைசி ஆளாக அக்கா போய் நின்றாள். முன்பே அமுக்கியிருந்தால் நடுவில் இருந்திருப்பாள். இப்போது முன்னால் இருக்கும் எல்லோரும் ஏறிய பிறகுதான் அவள். அதுவரைக்கும் இயக்குநர் பேச வேண்டும்.

மணி அடித்தது. எழுந்தார்கள். பட்டை எழும்பித் தொண்ணூற்றொன்பதில் நின்றது. "தொண்ணூத்தொம்பது" என்றார்கள். இயக்குநர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அளவுகோல் மேடைக் கணினியிலேயே தன் பிரிவின் இடத்தை, உள்ளே இருந்த வரிகளின் அளவுக்கே சுருக்கிவிட்டு, கையை உயர்த்தினான்.

"ஐயா, ஒரு சந்தேகம். இடம்னா என்னங்கய்யா?"

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"நல்ல கேள்வி" என்று தொடங்கினார். "இடம்னா, ஒருத்தன் இருக்கறதுன்னு நெனைப்பீங்க. தப்பு. இடம்னா ஒருத்தன் இல்லாம இருக்கறது."

அவர் முதுகுக்குப் பின்னால் பட்டை கடகடவென்று இறங்கியது. எண்பத்துநான்கு.

புகார்ப் பிரிவுத் தலைவரின் கண் விரிந்தது. வாகன நிறுத்தத் தலைவி கழுத்தைத் திருப்பித் தன் இருக்கையைப் பார்த்தார்; பத்தடி தூரம், பத்து மைலாக இருந்தது. பூட்டு அளவுகோலை முறைத்தார், உதடு மட்டும் அசைய, "டேய், மாமியார்" என்றார். யாரும் நகரவில்லை. நகரக் கூடாது.

பட்டை மெல்ல எழும்பத் தொடங்கியது. எண்பத்தைந்து. யாரோ ஒருவரின் அம்மா உள்ளே வந்திருப்பார். எண்பத்தாறு. யாரோ ஒருவரின் கைக்குழந்தை.

"நான் மொதல்ல வேலைக்குச் சேந்தப்போ எனக்கு நாற்காலி மட்டும்தான் குடுத்தாங்க. நான் என்ன பண்ணேன்? பக்கத்து நாற்காலிமேல பையை வெச்சேன். அதுக்குப் பக்கத்துல கோட்டக் கழட்டி வெச்சேன். சாயங்காலம் அந்த வரிசையே என்னுது. அன்னிக்குப் பல பேரு நின்னுக்கிட்டே வேலை பாத்தாங்க. அந்த உழைப்புலதான் இந்த நிறுவனம் வளந்துது."

தொண்ணூறு. புகார்ப் பிரிவுத் தலைவருக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார், அவசரமாக வெளியே போக வேண்டியவர்போல.

தொண்ணூற்றாறில் இயக்குநருக்குப் பேச்சு வற்றியது. "ஆக, இடம்னா இதுதான்" என்று முடிக்கப் போனார். அளவுகோல் மறுபடி கையை உயர்த்தப் போனான். இன்னொரு கேள்வி வேண்டும், மண்டையில் ஒன்றும் இல்லை. வரிசையின் கடைசியில் அக்கா நிற்கிறாள், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்பதுபோல.

காப்பாற்றியது வாகன நிறுத்தம்தான். அந்த அம்மாவால் அடக்க முடியவில்லை. "ஐயா, திரையக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் குறுக்கே பேசப்பட்டிருந்தார்.

"மேடம்" என்றார், வலியோடு. "நான் பேசும்போதா?" பிறகு, ஒழுங்கு என்றால் என்ன, அது எப்படித் தோன்றியது, அது இல்லாத நாடுகள் என்ன ஆயின என்று ஆரம்பித்தார். ஒழுங்கைப் பற்றி அவர் பேசி முடித்தபோது நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கால் மரத்துவிட்டது.

"இப்பச் சொல்லுங்க, திரையில என்ன?" என்று திரும்பினார்.

பட்டை தொண்ணூற்றொன்பதில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"தொண்ணூத்தொம்பது" என்றார் இயக்குநர் பெருமையாக. "நான் பேசினா அதுகூட அசையாது."

கைதட்டினார்கள். தலைவர்கள் இருக்கைக்கு ஓடினார்கள். எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அளவுகோல் வரிசையைத் திறந்தான். காலி. பதிவேட்டின் கடைசி வரியில் அக்காவின் பெயர் இருந்தது.

மாலையில் பூட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மூஞ்சி செத்திருந்தது.

"மாமியார் ஏறிட்டாங்க. வெள்ளிக்கிழம வர்றாங்க. நல்லா இருடா தம்பி."

"மன்னிச்சுடுங்கண்ணே."

"விடு. பொண்டாட்டி போன்ல சந்தோஷத்துல அழுதா. அதக் கேட்டு எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு." எழுந்தவர் நின்றார். "இன்னொண்ணு. உன் பிரிவு இப்போ நூத்துக்கு நூறு நெறஞ்சு நிக்குதாம். இயக்குநர் பூரிச்சுப் போயிட்டாரு. அடுத்த ஹார்ட் டிஸ்க் வாங்கினதும் உனக்குப் பத்து மடங்கு ஒதுக்கச் சொல்லியிருக்காரு."

"வேணாம்னு எழுதிக் குடுத்துடுறேன்."

"குடு. அத வைக்கவும் ஒரு எடம் ஒதுக்குவாங்க."

அறைக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது.

"டேய், எடம் கெடச்சுடுச்சுடா. போன்ல பதிவு எண் வந்திருக்கு. கடையில எல்லாருக்கும் காட்டிட்டேன்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நீ பேசிப் பேசி வாங்கிட்டல்ல?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா உன்ன." எங்கோ சுவரை இடிக்கும் சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமா, இதுல வரிசையில சேந்த நாளுன்னு இன்னிக்குத் தேதி போட்டிருக்கே. மெஷின் தப்பாப் போட்டிருக்கும், இல்ல?"

பொய்யிலிருந்து அவன் தப்பித்துக்கொள்ள அவளே ஒரு கதவைத் திறந்து பிடித்ததுபோல இருந்தது. ஒரு 'ம்' போதும், உள்ளே நுழைந்துவிடலாம்.

"இல்லக்கா" என்றான். "மெஷின் சரியாத்தான் போட்டிருக்கு."

சம்மட்டி விழுந்தது. மறுபடி விழுந்தது.

"சரிடா" என்றாள் அக்கா. குரல் மாறவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உன் ரூமுல எடம் இருக்கா? நான் வந்தா உனக்கு இடைஞ்சலா இருக்காதுல்ல? எனக்கென்ன, ஒரு சந்து இருந்தாப் போதும். காலை மடக்கிக்குவேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டாவது கட்டிலுக்குப் போனான். மேலே இருந்த பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். பெரிய பெட்டி. கனமாக இருக்கும் என்று காலை அகட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினான். காற்றைப்போல வந்தது, வந்த வேகத்தில் அவன் பின்னால் தடுமாறினான்.

அடுத்த பெட்டியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"என்னடா சத்தம்?" என்றாள் அக்கா.